ஒரு அடுப்பு, ஒரு குடும்பம்

காலை பதினொரு மணிக்கு நான்கு பேர் எங்கள் பிளாக்குக்குக் கணக்கெடுக்க வந்தார்கள். அவர்களில் மூத்தவர் பெயர் தயாளன். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய், என்ன வேலை செய்கிறாய் என்று எதுவும் கேட்கவில்லை. குனிந்து என் அடுப்பைப் பார்த்தார். மண்ணெண்ணெய் ஸ்டவ். திரியை விரலால் தடவிவிட்டு, "இதுல ஒரு டீகூடப் போடலையே, தணிகாசலம்" என்றார்.

என் வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இதைச் சொல்கிறேன். கிடைக்கும். ஆனால் இன்றைக்கு இல்லை. ஏன் இன்றைக்கு இல்லை என்றால் அந்த அடுப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பஸ் பள்ளிக்கரணை தாண்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் பக்கம் வெயில் அடித்தால் இப்படித் தள்ளி உட்காருங்கள்.

வடசென்னையில் மாணிக்கம் தோட்டம் என்று ஒரு குடியிருப்பு. ரயில்வே லைனை ஒட்டி, எழுபதுகளில் கட்டியது. நான்கு மாடி, வீட்டுக்கு ஒரு அறை. சுவர் ஊறி, கூரை பெயர்ந்து, உள்ளே இருக்கிற கம்பி தெரியும். மேல் வீட்டில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டில் சிமெண்ட்டுக் காரை விழுந்தது. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தார். அப்படித்தான் இருந்தோம். எங்கள் வீடு தரைத்தளம். கஸ்தூரியின் அம்மா பெயரில் ஒதுக்கியது, அவர் போன பிறகு கஸ்தூரி பெயருக்கு மாறியது. கஸ்தூரி என் மனைவி.

குடிசை மாற்று வாரியம் எல்லாவற்றையும் இடித்துவிட்டு அதே இடத்தில் பதினான்கு மாடி கட்டப்போகிறது என்று சொன்னார்கள். பழைய வீடு ஒன்றுக்குப் புதிய வீடு ஒன்று. அதே வீட்டுக்குள் இரண்டாவது குடும்பம் இருந்தால் அவர்களுக்கு ஊருக்கு வெளியே ஏரிக்கரை நகரில் ஒரு வீடு. சரி, ஒரே அறைக்குள் இரண்டு குடும்பம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? அடுப்பை வைத்துத்தான். ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். இரண்டு அடுப்பு, இரண்டு குடும்பம்.

அந்த மாதம் எங்கள் பிளாக்கில் பிரியாத குடும்பம் இல்லை. அண்ணன் தம்பி பிரிந்தார்கள். மாமியார் மருமகள் பிரிந்தார்கள், அவர்களில் சிலருக்கு நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மேல் மாடியில் துரைக்கண்ணு என்று ஒருவர், மகனோடு சொத்துத் தகராறு என்றார். சொத்து என்று இருந்தது ஒரு சைக்கிள். எங்களுக்கு ஒரே பெண், சுகந்தி. கல்யாணமாகித் திருவள்ளூரில் இருக்கிறாள். பிரிவதற்கு எங்கள் வீட்டில் நானும் கஸ்தூரியும்தான் இருந்தோம்.

யோசனை என்னுடையது. கஸ்தூரிக்கு முதலில் பிடிக்கவில்லை.

"வேணாங்க. விளையாட்டுக்குச் சொன்னாலும் வாசல்ல வந்து நிக்கும்" என்றாள்.

"ரெண்டு வீடு, கஸ்தூரி. புது வீட்ல நாம இருக்கலாம். இன்னொண்ண வாடகைக்கு விட்டுடலாம். கடைசி காலத்துல சுகந்தி கையை எதிர்பார்க்க வேணாம்" என்றேன்.

மறுநாள் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்: "சரி. ஆனா பண்றதா இருந்தா ஒழுங்கா பண்ணணும். பாதியில வந்து சோறு கேக்கக் கூடாது."

அவளிடம் எனக்குப் பிடித்ததே அந்த ஒழுங்குதான்.

வீட்டுக்குப் பின்னால் சுவரை ஒட்டித் தகரம் அடித்து ஒரு தடுப்பு போட்டேன். ஒரு பாய், ஒரு ஸ்டவ், மூன்று பாத்திரம். நான் பூக்கடைப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் பொட்டலம் கட்டுகிறேன், அதனால் பாத்திரத்துக்கு அலையவில்லை. ரேஷன் கார்டையும் பிரித்தாயிற்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் கடையிலேயே டீ குடித்தேன், ஓட்டலில் சாப்பிட்டேன், அடுப்பைப் பற்றவைக்கவில்லை. தயாளன் திரியைத் தடவுவார் என்று யாருக்குத் தெரியும்?

அவர் கோபப்படவில்லை. அதைச் சொல்ல வேண்டும். "இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் இப்ப திடீர்னு சண்டை" என்றார். "இன்னொரு நாள் வருவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்துலயும் விசாரிப்போம்." பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மும்தாஜ் அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அதனால் இரண்டு காரியம் செய்ய வேண்டியிருந்தது. ஒன்று, நான் நிஜமாகவே சமைக்க வேண்டும். இரண்டு, பார்க்கிறவர்கள் நம்புகிற மாதிரி நாங்கள் தெருவில் ஒரு சண்டை போட வேண்டும். அப்போதுதான் மும்தாஜ் அக்கா போன்றவர்கள் பொய் சொல்லாமலே சாட்சி சொல்லலாம்.

தண்ணீர் லாரி வருகிற நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாரும் குடத்தோடு இருப்பார்கள். கஸ்தூரியிடம் தகரத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொன்னேன்: "மரியாதை எல்லாம் பார்க்காத. நீ வா போன்னே பேசு. அப்பத்தான் நம்புவாங்க." அவள், "சரி" என்றாள். "என்ன பேசணும்னு யோசிச்சு வச்சுக்க" என்றேன். அதற்கு அவள், "யோசிக்க வேணாம்" என்றாள்.

சார், நான் சினிமா நிறையப் பார்த்தவன். ஆனால் அன்றைக்கு அவள் செய்த மாதிரி யாரும் செய்து பார்த்ததில்லை. கத்தவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், பேச ஆரம்பித்தாள்.

"இருபத்தாறு வருஷம் உன்கூட இருந்தேன். ஒரு நாளு, நீ சாப்ட்டியான்னு கேட்டிருக்கியா? பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு, பொட்டப்புள்ளைன்னதும் அப்படியே கடைக்குப் போனவன்தானே நீ? எங்கம்மா காரியத்துல உக்காந்து, சாம்பார்ல உப்பு இல்லைன்ன. எல்லார் முன்னாடியும் சொன்ன. வேலைக்குப் போறேன்னு கேட்டேன், யாரைப் பாக்கப் போறன்னு கேட்ட. ஒரே ஒரு தடவ மகாபலிபுரம் பாக்கணும்னு சொன்னேன். கல்லைப் போய் என்னத்தப் பாக்கறதுன்ன. சொன்னியா இல்லியா? இப்ப சொல்லு."

லாரிக்காரர் குழாயை நிறுத்தவில்லை, குடம் நிரம்பி வழிந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. மும்தாஜ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு வசனம் தயாராக இருந்தது. 'உன் கையால இனிமே பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்' என்று சொல்ல வேண்டும். மறந்துவிட்டது. சும்மா நின்றேன். அதுவும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது என்று பிறகு தோன்றியது.

அவள் சொன்னவை நடந்தவைதான், இல்லை என்று சொல்லவில்லை. முழுக்கப் பொய் சொன்னால் எவன் நம்புவான்? நிஜத்தில் நாலைந்தை எடுத்து நடுவில் கலந்துவிட்டாள். கெட்டிக்காரி. சாயங்காலம் தகரத்தைத் தட்டி, "ரொம்ப நல்லா பண்ணினே" என்றேன். அந்தப் பக்கம் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. களைத்துப்போயிருப்பாள்.

அதன் பிறகு அவள் அந்த வேஷத்தை ஒரு நிமிஷம்கூடக் கலைக்கவில்லை. நான்தான் இரண்டு தடவை தடுமாறினேன். ஒரு நாள் வயிறு சரியில்லை, ரசம் கேட்கலாம் என்று முன்பக்கம் போனேன். கதவைப் பாதி திறந்து, "பாதியில வரக் கூடாதுன்னு சொன்னேன்ல" என்றாள். சரிதானே? தயாளன் அந்த நேரத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மும்தாஜ் அக்கா மூலமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வருமானம் எங்கிருந்து என்று கேட்பார்கள் அல்லவா, அதற்கும் வழி பண்ணிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் மும்தாஜ் அக்காவும் மகாபலிபுரம் போய்விட்டு வந்தார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ கல் யானையைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி சிரித்து எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன்.

மும்தாஜ் அக்கா ஒரு நாள் என்னை வழியில் நிறுத்தினார். "தணிகாசலம் அண்ணே, நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை உக்காந்து பேசிடுங்க" என்றார்.

"செக்கிங் முடியட்டும் அக்கா. அதுக்கப்புறம் பேச எவ்வளவு நாள் இருக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீங்கள் இப்போது பார்க்கிறீர்களே, அந்த மாதிரி.

தயாளன் இரண்டாவது தடவை வந்தபோது நான் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். புளி அதிகம், அடி பிடித்திருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கூட வந்தவர்களிடம், "எழுதிக்குங்கப்பா. இது தனியா இருக்கறவன் வச்ச குழம்புதான்" என்றார். பிறகு தெருவில் நாலு வீட்டில் விசாரித்தார். நாலு வீட்டிலும் ஒரே பதில்: அந்த அம்மா பேசினதை எங்க காதால கேட்டோம். எங்களுக்கு இரண்டு டோக்கன் கிடைத்தது. அவளுக்குப் புதிய கட்டடத்தில், எனக்கு ஏரிக்கரை நகரில். துரைக்கண்ணுவுக்குக் கிடைக்கவில்லை. அவர் மகன் அவரைக் கேரியரில் உட்காரவைத்து அதே சைக்கிளில் போனதைத் தயாளன் பார்த்துவிட்டார்.

மழைக்கு முன்னால் இடித்தார்கள். நான் கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் நிற மெஷின். சத்தம்தான் அதிகம், வேலை சுலபமாக முடிந்துவிட்டது. எங்கள் வீட்டின் உள்சுவர், பச்சை பெயிண்ட் அடித்தது, கொஞ்ச நேரம் தனியாக நின்றது. சாமி படம் மாட்டிய ஆணி தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பலர் அழுதார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கஸ்தூரி வரவே இல்லை, அவளுக்கு ஷிஃப்ட் இருந்தது.

கட்டி முடிக்கிற வரைக்கும் அவளும் மும்தாஜ் அக்காவும் சேர்ந்து தண்டையார்பேட்டையில் ஒரு வீடு எடுத்துக்கொண்டார்கள். நான் ஏரிக்கரை நகருக்கு வந்தேன். ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடுகிற நாளும் உண்டு. காலையில் இதே பஸ்ஸில் போய், ராத்திரி இதே பஸ்ஸில் திரும்ப வேண்டும். வந்து சமைக்க வேண்டும். இப்போது புளி சரியாக இருக்கிறது. ருசி மட்டும் தெரியமாட்டேன் என்கிறது, அது வயசு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கப் போவேன். வாசலிலேயே நின்று பேசுவாள். சுகந்தி எப்படி இருக்கிறாள், உடம்பு எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். "வாராவாரம் வராதீங்க" என்பாள். எனக்கும் தெரியும். கட்டடம் முடிகிற வரை எந்த நேரத்திலும் ஒதுக்கீட்டை ரத்து பண்ணலாம் என்று டோக்கனிலேயே போட்டிருந்தது. மாதம் ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் ஆயிற்று. மாணிக்கம் தோட்டத்தில் இப்போது நீங்கள் போனால் எது எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் லாரி நின்ற இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர். கீழே வண்டி நிறுத்துவதற்குக் கோடு போட்டிருக்கிறார்கள். கஸ்தூரிக்குப் பதினொன்றாவது மாடி. சாவி கொடுத்த வாரம் நான் ஒரு பூசணிக்காயும், கடையிலிருந்து புது பால் பாத்திரம் ஒன்றும் வாங்கிக்கொண்டு போனேன். சேர்ந்து பால் காய்ச்சிவிட்டு, அடுத்த மாதம் என் சாமான்களைக் கொண்டுவந்து போடலாம் என்று கணக்கு.

கதவைத் திறந்தாள். வழியை விடவில்லை. தோளுக்கு மேலே உள்ளே பார்த்தேன். பெரிய ஜன்னல், தூரத்தில் துறைமுகத்துக் கிரேன் தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒற்றைக் கட்டில்.

"கட்டில் இன்னொண்ணு வாங்கணும்" என்றேன்.

"பால் காய்ச்சியாச்சுங்க" என்றாள். "போன வெள்ளிக்கிழமையே. மும்தாஜ் அக்காவும் சுகந்தியும் வந்திருந்தாங்க."

"அப்படியா? சரி, நல்ல நாளாப் பார்த்திருப்பே."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் இப்படியே இருந்துக்கறேன். தனியாவே. எனக்கு இது போதும்."

கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். எனக்கு ஏன் என்று புரியவில்லை. பிறகு அவள் தலைக்கு மேலே, வராந்தாவில் பார்த்தேன். கேமரா. மாடிக்கு இரண்டு வீதம் வைத்திருக்கிறார்கள். நான் கவனிக்கவே இல்லை, அவள் கவனித்திருக்கிறாள். நானும் சத்தமாக, "சரிம்மா, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தையும் பூசணிக்காயையும் வாசலில் வைத்துவிட்டு லிஃப்டுக்கு வந்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கேமராவைக் கண்ணால் காட்டினேன்.

அன்றைக்கு ராத்திரி சுகந்தி போன் செய்தாள்.

"அப்பா, அம்மா நெசமாத்தான் சொல்றாங்க."

"தெரியும்மா."

"தெரியும்னா என்னப்பா தெரியும்? அம்மா நல்லா இருக்காங்க. முதல் தடவையா நல்லா இருக்காங்க. விட்டுடுங்கப்பா."

"நீயும் போன்ல இப்படியே பேசு. அதுதான் நல்லது. எல்லாத்தையும் ரெக்கார்டு பண்றாங்களாம்" என்றேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. "சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

பள்ளிக்கரணை வந்துவிட்டதா? இல்லை, இது சிக்னல். நேரம் இருக்கிறது.

அதற்கு அடுத்த மாதம் கஸ்தூரி என் கடைக்கு வந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து கடைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. எவர்சில்வர் வாளிகளுக்கு நடுவில் நின்றாள். நல்ல புடவை, கைப்பை. முதலாளி வாடிக்கையாளர் என்று நினைத்து, "என்னம்மா வேணும்?" என்றார்.

"இவர்கிட்ட பேசணும்" என்றாள். என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னாள்: "கோர்ட்ல முறையாப் பிரிஞ்சிடலாம். வக்கீலைப் பார்த்துட்டேன். ரெண்டு பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டா போதும்னாரு. நாலு வருஷமா தனியா இருக்கறதுக்கு அத்தாட்சி எல்லாம் இருக்கு. எனக்கு ஒண்ணும் வேணாம், அந்த வீடு மட்டும் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாளே என்று.

"புரியுது" என்றேன்.

"உங்களுக்குப் புரியலைங்க."

"புரியுது கஸ்தூரி. ரேஷன் கார்டு மட்டும் பத்தாது. கோர்ட்டு பேப்பர் இருந்தா நாளைக்கு எவன் வந்தாலும் ரெண்டு வீட்லயும் கை வைக்க முடியாது."

"நான் வீட்டுக்காகச் சொல்லல."

"மெதுவா பேசு. முதலாளி இருக்காரு."

அவள் ஒரு வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கோபமாக இல்லை. வரிசையில் ரொம்ப நேரம் நின்றவர்கள் பார்ப்பார்களே, அப்படி. "சரி. கையெழுத்துப் போடுவீங்கல்ல?" என்றாள். "எங்க போடணும் சொல்லு" என்றேன்.

கோர்ட்டில் முதல் நாள் நீதிபதி அம்மா எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று. கஸ்தூரி, "இல்லைங்கம்மா. நானா யோசிச்சு எடுத்த முடிவு" என்றாள். நானும் இல்லை என்றேன். சேர்ந்து வாழ வாய்ப்பு உண்டா என்று என்னிடம் கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று வக்கீல் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். இல்லை என்றேன். ஆறு மாதம் டைம் கொடுத்தார்கள், அதற்குள் மனசு மாறினால் வந்து சொல்லலாம் என்று. மனசு மாற இதில் என்ன இருக்கிறது, வீட்டு விஷயம்தானே.

அந்த ஆறு மாதத்தில் நான் அவளைப் பார்க்கப் போகவில்லை. போனால் கெட்டுவிடும். ஒரு தடவை மட்டும் ஆஸ்பத்திரிக்கு எதிரில் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். இரண்டு மூன்று பெண்களோடு பேசிக்கொண்டே வெளியே வந்தாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தேன். கூட வந்தவள் ஏதோ சொல்ல, இவள் அவள் முதுகில் தட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததே நல்லது என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏறின பிறகுதான் தெரிந்தது, அது வேறு ரூட். கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

இப்போது எல்லாம் முடிந்தது. இனி எந்த ஆபீசரும் ஒன்றும் கேட்க முடியாது. அவள் ஒரு வார்த்தை வா என்று சொன்னால் நான் சாமானைக் கட்டிவிடுவேன், நிறைய இல்லை. நீங்கள் உங்கள் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஏழாவது மாடி, காற்று நன்றாக வரும், சமையல் மேடை உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். எப்போது காலியாகும் என்று தேதி மட்டும் கேட்காதீர்கள், அது என் கையில் இல்லை. கேட்டுச் சொல்கிறேன்.

2024 ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி தீர்ப்பு சொன்னார்கள். கஸ்தூரி வக்கீலுக்கு நன்றி சொல்லிவிட்டு, மத்தியான ஷிஃப்டுக்குப் போனாள்.